பனங்காட்டில் ஒரு கப்பல்

நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் 1990-லிருந்து ஒரு கப்பல் நிற்கிறது. பேர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். சுற்றிலும் பனையும் செம்மண்ணும்தான், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கடலைக் காணோம்! கரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் என்றே பேர் வைப்பது கடற்படை வழக்கம். நிஜத்தில் இது ராட்சத ரேடியோ கோபுரங்கள். இங்கிருந்து அனுப்பும் தாழ்ந்த அதிர்வெண் சேதி, கடலுக்கடியில் முங்கிக் கிடக்கும் நீர்மூழ்கிக்கும் போய்ச் சேரும். சாதாரண ரேடியோ அலைக்கு அந்தத் தெம்பு கிடையாது.

சரி, சேதியைக் கேட்க எத்தனை நீர்மூழ்கி? 1999-ல் டெல்லி போட்ட திட்டப்படி 30 வருஷத்தில் 24. அந்தத் திட்டத்தில் முதலாவதான 'கல்வரி' வந்தது 2017 டிசம்பரில். அந்த வகையில் ஆறாவது 'வாக்ஷீர்' 2025 ஜனவரியில். கல்வரிக்குப் புது டார்பிடோ வாங்கும் பேச்சு முறிந்துபோய், பழசையே ஏற்றி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, காலில் மாமனார் செருப்பு.

தரைப்படை மட்டும் என்னவாம்? 2018-ல் துணைத் தளபதி சரத் சந்த் நாடாளுமன்றக் குழு முன்னால் கணக்கை அவிழ்த்தார். நவீனமாக்கத் தந்தது 21,338 கோடி. ஏற்கெனவே போட்ட ஒப்பந்தங்களுக்குக் கட்ட வேண்டியதே 29,033 கோடி. தளவாடங்களில் 68 சதவீதம் அரதப் பழசு. ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்கி, ஸ்கூட்டர் தவணை, ஃபிரிட்ஜ் தவணை கட்டவே காணாமல் முழிக்கிற ஆபீஸ் ஆசாமிக்கு இது உடனே புரியும். புதுசாக ஒரு குக்கர்கூட வாங்க முடியாது. என்ன, நமக்குக் குக்கர் இல்லாவிட்டால் யாரும் சாகமாட்டார்கள்.

நாங்குநேரி டீக்கடையில் இதையெல்லாம் அளந்து கொண்டிருந்தேன். கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்.

"தங்கச்சி மவன் நீர்மூழ்கியிலதான் இருக்கான் தம்பி. இங்கன இருந்து பேசுனா அவனுக்குக் கேக்கும்லா?"

"கேக்கும் அண்ணாச்சி."

"அவன் பேசுனா?"

அந்த அலையில் நீர்மூழ்கி கேட்க மட்டும்தான் முடியும், பேச முடியாது. அவரிடம் எப்படிச் சொல்ல?

"இன்னொரு டீ போடுங்க அண்ணாச்சி" என்றேன்.