கோவலனுக்கு ஊழ்வினை, என்னிஸுக்குக் கோழைத்தனமா?

மதுரையில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு கதையைப் பற்றிப் பேசுவோம். சென்ற முறை எடுத்துக்கொண்டது ஆனி ப்ரூ எழுதிய ‘ப்ரோக்பேக் மவுண்டன்’. பாதிப் பேர் படம் பார்த்தவர்கள். கதையை ஆங்கிலத்தில் படித்திருந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களுக்காக நான் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்ததும் முதலில் பேசியது முதுகலை படிக்கும் ஒரு பெண். “சார், என்னிஸ் ஒரு கோழை. மூணு பேர் வாழ்க்கையைக் கெடுத்துட்டான்” என்றார். ஏறக்குறைய எல்லாத் தலையும் ஆடியது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கேயே பதில் சொல்லவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1963 கோடை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு மலையில் ஆடு மேய்க்கக் கூலிக்கு வருகிறார்கள் என்னிஸ் டெல் மார், ஜாக் ட்விஸ்ட் என்ற இரண்டு இளைஞர்கள். இருவருக்கும் இருபது நிரம்பவில்லை. மலையில் காதல் பிறக்கிறது. கோடை முடிந்ததும் ஆளுக்கொரு திசை. என்னிஸ் ஆல்மாவை மணக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள். ஜாக் டெக்சாஸில் வசதியான வீட்டுப் பெண் லூரீனை மணக்கிறான். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடி சந்திக்கிறார்கள். பிறகு வருடத்தில் சில நாள், மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போவதே இருவருக்கும் வாழ்க்கை. ஒரு சின்னப் பண்ணையில் சேர்ந்து வாழலாம் என்று ஜாக் கேட்கிறான். என்னிஸ் மாட்டேன் என்கிறான். 39 வயதில் ஜாக் செத்துப்போகிறான்.

31 வருடம் அஞ்சல் துறையில் வேலை பார்த்தவன் நான். அதனால் இந்தக் கதையில் என் கண் முதலில் போனது தபால் மீதுதான். பிரிந்த நான்கு வருடத்தில் ஜாக் அனுப்பும் முதல் கடிதத்தில் வீட்டு முகவரி கிடையாது. அஞ்சலகத்திலேயே வைத்திருந்து, ஆள் வந்து கேட்டால் கொடுக்கச் சொல்லி வரும் கடிதம். என்னிஸ் இரண்டே சொல்லில் சம்மதம் எழுதி, தன் முகவரியைச் சேர்த்து அனுப்புகிறான். அதிலிருந்து அந்தக் காதலைச் சுமந்ததெல்லாம் உறையில்லாத அஞ்சலட்டைகள். தபால்காரர் படிக்கலாம், வீட்டில் யாரும் படிக்கலாம். படித்தாலும் மீன்பிடிக்கும் தேதியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி எழுதிக்கொள்கிறார்கள். கடைசியில், நவம்பரில் சந்திக்கலாமா என்று கேட்டு என்னிஸ் போட்ட அட்டை, ‘இறந்துவிட்டார்’ என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது. ஜாக் செத்துப் பல மாதம் ஆகியிருக்கிறது. இத்தனை வருடம் நேசித்தவனுடைய சாவை அவனுக்குச் சொன்னது ஒரு ரப்பர் முத்திரை.

இப்போது அந்தப் பெண்ணின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அது பொய்யில்லை. என்னிஸ் செய்த தவறுகளைக் கதை மறைக்கவே இல்லை. எனக்கு மிகவும் உறைத்தது ஆல்மா சொல்லும் ஒரு விஷயம். புருஷன் மீன்பிடிக்கப் போகும் முன்னிரவு அவள் மீன்பிடிப் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். வாங்கி ஐந்து வருடமாகியும் விலைச்சீட்டு கிழிக்கப்படாமல் இருக்கிறது. தூண்டில் நரம்பின் நுனியில் ஒரு சீட்டு எழுதிக் கட்டிவிடுகிறாள். கொஞ்சம் மீன் கொண்டு வாருங்கள் என்று அன்பாக எழுதிய சீட்டு. நிறையப் பிடித்தோம், அங்கேயே சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு அவன் திரும்புகிறான். பெட்டியைத் திறந்தால் சீட்டு அப்படியே இருக்கிறது, நரம்பு நனையவேயில்லை. மணமுறிவுக்குப் பிறகு ஒரு பண்டிகை நாளில் அவள் இதைச் சொல்லிக் கேட்கும்போது, என்னிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குகிறான். ஆல்மாவுக்கு யாரும் நியாயம் செய்யவில்லை. அவளுக்காகக் கோபப்படும் வாசகரோடு நானும் நிற்கிறேன்.

ஆனால் கோழை என்றதோடு கதையை மூடிவைத்தால், ஒன்பது வயதில் அவன் பார்த்தது என்ன ஆகும்? ஊரில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஒரு பண்ணையில் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் இரும்புக் கம்பியால் அடிக்கப்பட்டு வாய்க்காலில் செத்துக் கிடக்கிறார். அந்த உடலைக் காட்டுவதற்கென்றே அப்பா மகனைக் கூட்டிப்போகிறார். அந்தக் கொலையைச் செய்தது அப்பாவாகவே இருக்கலாம் என்று வளர்ந்த மகன் நினைக்கிறான். பண்ணை வாங்கலாம் என்று ஜாக் கேட்கும்போது அவன் சொல்லும் பதில் இதுதான். டயர் வெடித்து ஜாக் செத்ததாக லூரீன் தொலைபேசியில் சொன்னபோதும் அவன் மனம் அந்தக் கம்பிக்குத்தான் போகிறது. உண்மையில் விபத்தா, கொலையா என்று கதை நமக்குச் சொல்வதில்லை. அது தெரியாமலே மிச்ச நாளையும் கழிக்கவேண்டும் என்பதுதான் என்னிஸின் நிலை.

அவன் வீணாகப் பயந்தானா? கதை ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது 1997 அக்டோபரில். சரியாக ஒரு வருடம் கழித்து, 1998 அக்டோபரில், அதே வயோமிங்கில் லாரமி என்ற ஊரில், மேத்யூ ஷெப்பர்ட் என்ற 21 வயதுக் கல்லூரி மாணவனை இருவர் அடித்து, ஊருக்கு வெளியே ஒரு வேலியில் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். சில நாளில் மருத்துவமனையில் இறந்தான். அவன் தன்பாலீர்ப்பு கொண்டவன். ஜாக் வாழ்ந்த டெக்சாஸில் இந்த உறவைக் குற்றமாக்கிய சட்டம் 2003 வரை செல்லுபடியாக இருந்தது. நம் நாட்டில் 2018 செப்டம்பர் 6 வரை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, 1963இல் ஒரு பண்ணைக் கூலியாள் துணிந்திருக்க வேண்டும் என்று இன்று மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் சொல்கிறோம்.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு நண்பர், நல்ல மனிதர், ஒரு யோசனை சொன்னார். ஜாக் பிழைத்திருந்து, இருவரும் வயதான காலத்தில் ஒன்று சேர்வதாக முடித்திருந்தால் என்ன என்றார். ஆனி ப்ரூவுக்கு இந்த யோசனை புதிதல்ல. 2005இல் ஆங் லீயின் படம் வந்த பிறகு, முடிவைத் தாங்க முடியாத வாசகர்கள், பெரும்பாலும் ஆண்கள், கதையைத் தாங்களே மாற்றி எழுதி அவருக்கு அனுப்பினார்கள். ஜாக் போன பிறகு என்னிஸுக்குப் புதுத் துணை, புது வாழ்க்கை. 2009இல் ‘பாரிஸ் ரிவ்யூ’ பேட்டியில் அவர் இதைச் சொல்லி வருந்தினார். இந்தக் கதையை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு வருந்தினார். வெறுப்பைப் பற்றி, ஓர் ஊரின் மனநிலையைப் பற்றித் தான் எழுதியதை அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்பது அவர் ஆதங்கம்.

கோழை என்று தள்ளுவதும், சுபமாக மாற்றி எழுதுவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. இரண்டிலும் ஊர் தப்பித்துவிடுகிறது. அவன் மட்டும் தைரியசாலியாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஆகிவிடுகிறது. அந்த அப்பாவைப் பற்றி, கம்பி பிடித்த கைகளைப் பற்றி, மலையில் இருவரையும் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அடுத்த கோடையில் வேலை கேட்டு வந்த ஜாக்கைத் துரத்திய முதலாளியைப் பற்றி அன்று மாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் இதே மாடியில் சிலப்பதிகாரம் பேசினோம். கோவலன் என்ன செய்தான்? கட்டிய மனைவியை விட்டுப் போனான். பொருளையெல்லாம் தொலைத்தான். கடற்கரையில் மாதவி பாடிய பாட்டுக்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போனான். அவள் தாழை மடலில் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பியதை வாங்கவே மறுத்தான். எங்கள் தபால் வழக்கில் சொன்னால், ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்ப வேண்டிய உருப்படி. இரண்டு பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தவன் அவன். அன்று அவனைக் கோழை என்று யாரும் சொல்லவில்லை. ஊழ்வினை என்றார்கள். மதுரையில் அவன் வெட்டுப்பட்ட இடத்தைப் படிக்கும்போது ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

கோவலனிடம் இவ்வளவு இரக்கம் காட்டத் தெரிந்த நாம் என்னிஸிடம் ஏன் கணக்குப் பார்க்கிறோம்? கோவலன் யாரை நேசித்தான் என்பதில் நமக்குக் கேள்வியே இல்லை. அதனால் எப்படி நேசித்தான் என்பதைப் பொறுத்துக்கொள்கிறோம். ஒரு ஆண் இன்னொரு ஆணை நேசித்தால், அந்த நேசத்தை ஏற்றுக்கொள்ளவே நமக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது. அவன் உத்தமனாக, துணிச்சல்காரனாக, யாரையும் நோகடிக்காதவனாக இருக்கவேண்டும். கொஞ்சம் சறுக்கினாலும் கொடுத்த அனுதாபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இது நியாயமில்லை. தப்புச் செய்யும் மனிதனாக இருக்கும் உரிமை அவனுக்கும் உண்டு.

ஆனி ப்ரூவுக்கு வேறு வகைக் கடிதங்களும் வந்தன. கிராமப்புறத்து ஆண்கள், நீங்கள் எழுதியது என் கதை என்று எழுதினார்கள். தன் மகன் என்ன பாடுபட்டான் என்று இப்போதுதான் புரிகிறது என்று தகப்பன்மார் எழுதினார்கள். என்னிஸ் நல்லவனா கெட்டவனா என்று அவர்கள் தீர்ப்பு எழுதவில்லை. அவனிடம் தங்களைக் கண்டார்கள்.

நான் சொல்ல நினைத்து அன்று சொல்லாமல் வந்தது ஒன்று உண்டு. மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூர் அஞ்சலகத்தில் நான் இருந்தபோது, சனிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். நாற்பதைத் தாண்டியவர், குடும்பஸ்தர். தனக்கு வரும் இன்லேண்ட் கடிதத்தைப் பட்டுவாடாவுக்கு அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். வடக்கே ஓர் ஊரிலிருந்து ஒரே கையெழுத்தில் கடிதம் வரும், அனுப்பியவர் இடத்தில் ஒரு ஆணின் பெயர். எங்களில் சிலர் அவர் தலை மறைந்ததும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவருக்கும் அந்த மனிதருக்கும் என்ன உறவு என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை அவர் எழுதிய கடிதமே திரும்பி வந்திருந்தது. மேலே குறுக்காக, இறந்துவிட்டார், அனுப்பியவருக்குத் திருப்புக என்று அந்த ஊர்த் தபால்காரர் ஆங்கிலத்தில் எழுதிச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கவுண்டரில் நாலைந்து பேர் நின்றார்கள். “உங்க லெட்டர் ரிட்டன் சார், ஆள் இறந்துட்டாராம்” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக் கம்பிக்கு அடியில் தள்ளினேன். அடுத்தவருக்கு மணியார்டர் பாரம் எடுக்கத் திரும்பிவிட்டேன்.

அவர் நகரவில்லை. வரிசையில் நின்ற அம்மா ஒருவர் அவசரப்படுத்தியும் நகரவில்லை. கடிதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பி வழியாக என்னிடம் நீட்டி, அந்தக் கையெழுத்துக்குக் கீழே இருந்த எண்ணைக் காட்டி, “இந்தத் தேதி என்ன சார், எனக்குச் சரியாத் தெரியல” என்றார். வாங்கிப் பார்த்துச் சொன்னேன். அவர் விரல்விட்டு எதையோ எண்ணினார். “அப்ப அன்னைக்குத்தான் இறந்தாரா?” என்று கேட்டார்.

“இல்ல சார். அது தபால்காரர் வீட்டுக்குப் போன தேதி. இறந்த தேதி இதுல இருக்காது” என்றேன்.