பிள்ளைகளின் தலையை மட்டும் எண்ணிப் பாடசாலையை மூடலாமா?

மொனராகலை, மெதகம, பிபிலை, பக்கினிகஹவெல பக்கத்து உறவுகளும் தோட்டத்துப் பெற்றோரும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கல்விச் சீர்திருத்தம் என்றாலே எல்லோரும் தரம் 6 மொடியூலையும் பாடசாலை விடும் நேரத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை சிறிய பாடசாலைகளைப் பற்றியது.

நாட்டில் சுமார் 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் 1,500 அளவானவற்றில் 50 பிள்ளைகள்கூட இல்லை. 2025இல் பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரினி அமரசூரிய இந்தக் கணக்கைப் பாராளுமன்றத்தில் வைத்துப் பேசினார். சிலதை மூடி அல்லது அயல் பாடசாலையோடு இணைத்து, மிச்சமுள்ளவற்றுக்கு வளத்தைக் கொடுப்பது என்பதுதான் யோசனை. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆளில்லாத வகுப்பறையில் எந்தப் பிள்ளையும் நன்றாகப் படிக்காது.

ஆனால் கொழும்பு, கம்பஹா பக்கம் ஒரு பாடசாலையை மூடினால் அடுத்தது கூப்பிடு தூரத்தில் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் தமிழ் பேசுவோர் 100க்கு 5 பேர் அளவில்தான். இங்கே ஒரு தமிழ் மொழி மூலப் பாடசாலைக்கு ‘அயல் பாடசாலை’ என்றால் இடையில் எத்தனை ஊர் தாண்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் பாடசாலை இருக்கும்தான், ஆனால் அது சிங்கள மொழி மூலம்.

மூடினால் என்ன நடக்கும்? வசதியுள்ளவர் வேன் பிடிப்பார். மற்றவர் பிள்ளையைக் கிட்டவுள்ள சிங்களப் பாடசாலையில் சேர்ப்பார். சிங்களம் படிப்பது தப்பில்லை, நம் பிள்ளைகள் நன்றாகவே படிக்க வேண்டும். ஆனால் தரம் 1இல் உம்மாவால் வாசித்துக் கொடுக்க முடியாத புத்தகத்தோடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு யார் உதவுவது? தோட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். விடியக் காலையில் வேலைக்குப் போகும் அம்மா, ஆறு வயதுப் பிள்ளையை பஸ் ஏற்றிவிட நிற்க முடியுமா? பெண் பிள்ளை என்றால் தரம் 9, 10இலேயே மறித்துவிடுவார்கள்.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கு அது வரவில்லை. பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த 1970களில்தான் அவற்றை அரசு கையேற்கத் தொடங்கியது. சட்டத்தில் இலவசம், ஊரில் இல்லை என்ற நிலையை இந்த மலைநாடு ஒருமுறை கால் நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்துவிட்டது.

பாடசாலை ஏன் சிறுத்தது என்றும் கேட்க வேண்டும். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தமிழில் ஆசிரியர் இல்லை. கிழக்கிலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் காலம் முடிந்ததும் இடமாற்றம் வாங்கிப் போகிறார்கள், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆசிரியர் போனதும் பெற்றோர் பிள்ளையை எடுக்கிறார்கள். உயர்தரம் விஞ்ஞானப் பிரிவுக்கு பதுளைக்கோ சம்மாந்துறைக்கோ அனுப்புகிறார்கள். கடைசியில் வெற்றிடத்தை நிரப்பாதவர்களே வந்து, ‘பிள்ளைகள் குறைவு’ என்று எழுதிக்கொண்டு போகிறார்கள்.

அஸ்வெசும குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்கள் வாங்க 6,000 ரூபா கொடுத்தது நல்ல வேலை, பாராட்டுகிறோம். ஆனால் ஓட்டோக்காரருக்கு மாதா மாதம் கொடுக்க வேண்டும். கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் என்று தேசிய மக்கள் சக்தி தன் விஞ்ஞாபனத்தில் எழுதியது. அதில் பாதியைக்கூட இன்னும் தொடவில்லை. அதைத் தொடாமல் சின்னப் பாடசாலையில் மிச்சம் பிடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

இணைப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே பிரதேசத்தில் முஸ்லிம் பாடசாலையும் தோட்டப் பாடசாலையும் பக்கத்தில் பக்கத்தில் அரைகுறையாக நடந்தால், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசலாம். நோன்பு விடுமுறை முதல் எத்தனையோ சிக்கல் வரும், ஆனாலும் தீர்க்கலாம். தமிழ் மூலப் பாடசாலையை மட்டும் வேறு கணக்கில் பாருங்கள் என்கிறோம். பிள்ளைகளின் தொகையோடு, அதே மொழி மூலத்தில் அடுத்த பாடசாலை எத்தனை கிலோமீற்றர் என்பதையும் எழுதுங்கள். மூடுவதென்றால் முதலில் சிசு செரிய பஸ் ஓடட்டும். ஒரு தவணை ஒழுங்காக ஓடிய பிறகு பூட்டைப் பற்றிப் பேசலாம்.

2024இல் இந்த மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 5ஐ அந்தக் கட்சிக்குக் கொடுத்திருக்கிறோம். எங்கள் மாவட்டத்தில் எந்தெந்தத் தமிழ் மூலப் பாடசாலைகள் பரிசீலனையில் இருக்கின்றன என்ற பட்டியலை அந்த ஐந்து பேரிடமும் வலயக் கல்வி அலுவலகத்திடமும் எழுத்தில் கேட்போம். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளி நிர்வாகம், தோட்டத்துத் தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து கையொப்பமிட்டால் நல்லது. கடிதத்தை தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறோம்.