சம்பளம் மட்டும் போதுமா?

பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால், "சம்பளம் எவ்வளவு?" என்பதுதான் நம் முதல் கேள்வி. கேட்க வேண்டியதுதான். ஆனால் அதோடு நின்றுவிடலாமா?

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். முன்னைவிடச் சம்பளம் கூடுதல். ஆயினும் சில நாட்களிலேயே மனம் கசந்துவிட்டது. மாணவர் கூட்டத்தோடு பழகியவருக்கு, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் புத்தகங்களுக்கு நடுவே தனியே உட்கார முடியவில்லை. பழைய வேலையே போதும் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனில் நூலகப் பயிற்சி பெற்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று முடிவாயிற்று.

அங்கே பொது நூலகங்களுக்குத் தொழிலாளர்களும் பெண்களும் குழந்தைகளும் வந்து பயன் பெறுவதைக் கண்டார். நூலகர் வேலை புத்தகத்தைப் பூட்டிக் காப்பதல்ல, அதை வேண்டியவர் கையில் சேர்ப்பது என்று தெளிந்தார். 1925-இல் திரும்பியவர் 1944 வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகர்கள் படிக்கிறார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய இடத்து நூலகத்தில் பல கைகள் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ஒருவர் புத்தகம் வாங்குவார். ஒருவர் எண்ணிட்டுப் பட்டியலில் சேர்ப்பார். ஒருவர் அலமாரியில் அடுக்குவார். அடுக்குபவர் இடம் மாற்றி வைத்துவிட்டால், புத்தகம் இருந்தும் இல்லாததுதான். ஏச்சு வாங்குபவரோ முகப்பில் நிற்பவர்! பால் வெட்டுகிறவர் வாளியில் குப்பை விழுந்தால், பால் கொட்டகையில் வடிகட்டுகிறவருக்குத்தானே கூடுதல் பாடு?

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரையொருவர் குற்றம் சொல்லத் தொடங்கினால் நல்ல சம்பளமும் கசக்கும். "நீ தேடிக் கொடுத்த புத்தகத்தால் ஒரு மாணவன் தேறினான்" என்று மேலதிகாரி ஒரு வார்த்தை சொன்னால், மறுநாள் வேலைக்குக் கால் தானாக நடக்கும்.

ஆகவே, பெற்றோர்களே! வேலைக்குப் போன பிள்ளை முகம் வாடித் திரும்பினால், "இந்தச் சம்பளம் வேறெங்கே கிடைக்கும்?" என்று வாயை அடைக்காதீர்கள். உடனே விட்டுவிடச் சொல்லவும் வேண்டாம். யாரோடு வேலை செய்கிறாய், உன் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். வேலையை இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டாலே சிலருக்குக் கசப்பு தீர்ந்துவிடும். சிலருக்கு இடம் மாறினால்தான் தீரும். எது என்று தெரிய, முதலில் பிள்ளை மனம் விட்டுப் பேச வேண்டும். அதற்கு நம் வீட்டில் இடம் இருக்கட்டும்.