கடல் கடந்த கல்வி

நம் கலாசாலை விடுதியில் இராவுணவு முடிந்தபின் நிகழும் பேச்சுக்களுள் இந்நாளில் முதன்மை பெற்றிருப்பது அயல்நாட்டுப் படிப்பே. இங்கிலாந்து நலமா, கானடா நலமா. ஆங்கிலப் பரீட்சையில் எத்துணை மதிப்பெண் வேண்டும். பாங்கியிற் கடன் கிடைக்குமா, அன்றித் தகப்பனார் காட்டை அடகு வைக்க இசைவாரா என்றிவ்வாறு நள்ளிரவு வரையிலும் ஆராய்ச்சி நடைபெறும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய நம்மை அந்நண்பர்கள் இரக்கத்தோடு நோக்குவர். இலக்கணம் கற்றவனுக்கு அங்கே யார் வேலை தருவார் என்பது அவர்தம் கருத்து. அவ்விரக்கத்தை நாம் ஏற்பதில்லை. ஆயினும் அவர்களுடைய விருப்பத்தைக் குறைகூறுதற்கும் நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. கல்வியைத் தேடிக் கடல் கடத்தல் குற்றமன்று. வறியவன் வீட்டுப் பிள்ளைக்கு அதுவே வழியென்று தோன்றுமாயின், அதனைத் தடுக்க நாம் யார்?

நம் சொந்த ஊர் கருமத்தம்பட்டி. கோயம்புத்தூரினின்று அவிநாசிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சோமனூரை அடுத்துள்ளது. ஜெபமாலை அன்னையின் ஆலயத்தாலும் விசைத்தறியின் ஓசையாலும் அறியப்படுவது. அவ்வூரிலிருந்து அயல்நாடு செல்லும் பிள்ளைகளைப் பலமுறை நாம் வழியனுப்பியுள்ளோம். பங்குக் குரு, “விசுவாசத்தைக் காத்துக்கொள்” என்பார். ஆசிரியர், “நன்றாகப் படி” என்பார். பாட்டி ஒருத்தி கன்னத்தைத் தடவி, “எப்பங் கண்ணு திரும்பி வருவே?” என்பாள். மூவரும் மூன்று வேறு காரியங்களைச் சொல்வதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம். விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைக்கும், படிப்பு மற்றை ஆறு நாட்களுக்கும், ஊர் கைப்பேசிக்கும் என்று பங்கிட்டுக்கொள்கிறோம். இப்பங்கீடே பிழையென்பது நம் துணிபு. இதனை வெறுஞ் சொல்லால் நாட்டுவதினும், தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரது வரலாற்றால் காட்டுதல் எளிது.

ஜே. சி. குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில், கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். இளமையில் அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். இலண்டன் சென்று கணக்கியல் பயின்று தணிக்கையாளராகித் தாயகம் மீண்டு, பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். உடையும் நடையும் ஆங்கிலேயருடையனவாகவே இருந்தன. அம்மட்டில் அவர் வரலாறு நின்றிருக்குமாயின், அயல்நாடு சென்று நல்ல உத்தியோகம் பெற்ற ஆயிரவருள் அவரும் ஒருவராய் மறைந்திருப்பார். நம் நண்பர்கள் விரும்பும் அயல்நாட்டுக் கல்வி பெரும்பாலும் இந்த முதற் பயணத்தைப் போன்றதே.

பின்னர் அவர் அமெரிக்கா சென்றார். 1928-இல் சிரக்கூஸ் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்று, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் அரசாங்க நிதியியலைக் கற்கலானார். அக்காலத்தில் ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில், இந்தியா ஏன் வறுமையுற்றிருக்கிறது என்னும் பொருள்பற்றி அவர் பேசினார். அப்பேச்சின் செய்தி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வந்தது. அதனைக் கண்ணுற்ற அவருடைய பேராசிரியர் செலிக்மன், வேறு பொருளை நாடவேண்டாம், இந்தியாவின் வறுமைக்கு அரசாங்கத்தின் வரியும் செலவும் எவ்வாறு காரணமாயின என்பதையே ஆராய்க என்றார். அவரும் அவ்வாறே ஏடுகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட, தம் நாட்டு ஏழையின் கையிலிருந்து பொருள் எவ்வழியே போயிற்று என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இலண்டனில் கற்ற கணக்கே அவ்வழியைக் காணும் விளக்காயிற்று.

வாசகர் இவ்விடத்தில் சற்றே நின்று நோக்கவேண்டும். அப்பேச்சு நிகழ்ந்த இடம் ஆலயம். எடுத்த பொருள் நாட்டு மக்களின் பசி. அதனை ஆராய்ச்சியாக்கியது கலாசாலை. விசுவாசம், ஊர், படிப்பு என்னும் மூன்றையும் நாம் மூன்று பெட்டிகளில் வைத்துப் பூட்டுகிறோம். குமரப்பாவினிடத்திலோ அவை ஒரே வினாவில் வந்து கூடின.

1929-இல் அவர் தாயகம் மீண்டார். மேனாட்டு உடையோடு சபர்மதி ஆசிரமம் சென்று, சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து காந்தியடிகளைக் கண்டார். அடிகள் அவருடைய ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியாவில் தொடர்ந்து வெளியிட்டதோடு, குஜராத்தின் கிராமங்களுட் சென்று உழவரின் நிலையை நேரிற் கணக்கெடுக்கும்படி அவரை ஏவினார். நியூயார்க்கில் ஏட்டிற் கண்ட வறுமையை மாத்தர் தாலுகாவிற் கண்ணாற் கண்டார் எனலாம். 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியபோது அதன் காரியதரிசியானார். பன்முறை சிறை சென்றார். கொர்னேலியஸ் என்பதை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பழம்பெயரை மேற்கொண்டதும் இம்மாறுதலைச் சார்ந்ததே. பெயரை மாற்றினாரேயன்றிக் கிறிஸ்துவை விட்டாரல்லர். சத்தியாக்கிரகிகள் அடிபட்ட காலத்தில் திருச்சபை வாளாவிருத்தல் தகுமா என்று இந்தியாவின் தலைமைப் பேராயரோடு கடிதவழியே வாதிட்டார். சிறையில் அவர் எழுதி 1945-இல் வெளிவந்த நூல்கள் இரண்டு. ஒன்று நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் நடையையும் போதனையையும் பற்றியது. பொருளியலறிஞர் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டனர். கோயிலாரோ பின்னதையும் மறந்தனர். இரண்டையும் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பது தமிழ் மாணாக்கராகிய நமக்குள்ள மனக்குறை. 1960-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மதுரையில் அவர் காலமானார்.

அவரொருவரே என்று எண்ணற்க. சவரிராயன் ஏசுதாசன் என்னும் தமிழர் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றவர். ஆங்கே எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காத்லாந்து நண்பரைப் பெற்றார். இருவரும் மருத்துவராகி, 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி ஏழைகட்கு வைத்தியம் புரிந்தனர். அயல்நாட்டிலிருந்து ஏசுதாசன் கொணர்ந்தது பட்டம் மட்டுமன்று, ஒரு தோழனையுங் கொணர்ந்தார்.

கடல் கடந்து கற்றல் என்றால் நாம் இங்கிருந்து அங்குச் செல்லுதலையே கருதுகிறோம். அங்கிருந்து இங்கு வந்து கற்றாரும் உளர் என்பதற்குக் கருமத்தம்பட்டியே சாட்சி. பிரான்சு தேசத்தவரான மரியோன் பிரெசில்லாக் 1842-இல், இருபத்தெட்டாம் வயதில், புதுச்சேரி வந்திறங்கித் தமிழ் நெடுங்கணக்கைச் சிறுபிள்ளைபோல் கற்றார். 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் நம் கருமத்தம்பட்டியிலேதான் அவருக்கு ஆயர் அபிஷேகம் நிகழ்ந்தது. இந்நாட்டார் தம்முள்ளிருந்தே தமக்குரிய குருக்களைப் பெறுவது எங்ஙனம் என்பதே அவர் நெஞ்சை விடாது பற்றிய வினா. உடனுழைத்தோர் பலர் அதில் அவரோடு ஒத்துவரவில்லை. சாதி வழக்கங்களைப் பற்றிய பிணக்கும் அவர் மனச்சாட்சியை வருத்தியது. 1855-இல் பதவியினின்றும் நீங்கினார். மறு ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்கப் பணிக்கென ஒரு சபையை நிறுவி, 1859-இல் பிரீடவுன் சேர்ந்து, ஆறு வாரத்துக்குள் கொள்ளைநோயால் மடிந்தார். அச்சபை இன்றும் ஆப்பிரிக்காவிற் பணிபுரிகிறது. நம் கொங்கு நாட்டில் அவர் சுமந்த வினா அங்கே சென்று பயன் தந்தது. இதனை நம் ஊர்ப் பிள்ளைகளுட் பெரும்பாலார் அறியார். பள்ளியிற் சொல்லுவாரும் இலர்.

இனி, நம் காலத்து வினா யாது? அதற்கு நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. சோமனூர், கருமத்தம்பட்டிப் பகுதியில் காடாத்துணி நெய்யும் விசைத்தறியாளர் பெரும்பாலும் கூலிக்கு நெய்பவரே. பாவும் ஊடையும் துணி உற்பத்தியாளருடையன; தறியும் உழைப்பும் நெய்பவனுடையன; மின்சாரக் கட்டணமும் அவன் தலைமேலது. மீட்டருக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, விலைவாசி ஏற ஏறப் போதாததாகின்றது. ஒப்பந்தம் செய்வர்; அது நடைமுறைக்கு வராது, அல்லது வந்தும் குறைந்துபோகும். 2022-இலும் 2025-இலும் கூலி உயர்வு வேண்டித் தறிகள் பல நாட்கள் நின்றன. அந்நாட்களில் ஊரிலுள்ள அமைதியைக் கேட்டவர்க்குத்தான் அதன் கனம் தெரியும். குமரப்பா இருந்திருப்பின் விசைத்தறியையே வேண்டாமென்று கைத்தறிக்கு வாதிட்டிருப்பார். அதில் நாம் அவரோடு முழுதும் உடன்படுகிலேம். ஆனால் நெய்கிறவன் ஏன் ஏழையாய் இருக்கிறான் என்று அவர் கேட்டிருப்பார் என்பதில் ஐயமில்லை.

அத்தறியை விற்று வந்த பணத்தில் மான்செஸ்டரிற் கற்கும் பிள்ளைகள் நம் பகுதியில் உண்டு. லங்காஷயர் நாட்டுப் பருத்தி நெசவாளருக்கு 1892-இல் ஒரே கூலிப் பட்டியல் வகுக்கப்பட்டது. துணியின் அகலம், இழையின் நெருக்கம் முதலியவற்றைக் கணக்கிட்டுக் கூலியை வரையறுத்த பட்டியல் அது. 1930-களில் அதற்குச் சட்டத்தின் வலுவும் சேர்ந்தது. எவ்வாறு அதனை வகுத்தனர், யார் யார் கூடி ஒப்பினர், மீறினவனை என்செய்தனர் என்பனவெல்லாம் அந்நகரத்துப் புத்தகசாலைகளிற் கிடக்கும். வணிக நிர்வாகம் பயிலச் சென்ற நம் ஊரான் ஒருவன் ஒரு மாலைப்பொழுதேனும் அங்குச் சென்று அதனைத் தேடிப் படித்தானா? படிக்கும்படி அவனுக்கு எவரேனும் சொன்னோமா? சொல்லவில்லை. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்ளச் சொன்னோம்.

கடனைத் தீர்ப்பது யார் என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. காலையிற் கல்வி, மாலையிற் கடைவேலை என்று உழலும் பிள்ளையிடம் ஊர்க் கவலையையும் சுமத்துவது கொடுமையென்பர். கடனைத் தீர்க்கட்டும், அங்கேயே வாழ்வதாயினும் வாழட்டும். குமரப்பாவைப்போல் எல்லாரும் மீண்டு வரவேண்டுமென்பது நம் வழக்கன்று. ஞாயிறுதோறும் அந்நாட்டில் தமிழ் வழிபாட்டிற் கூடி நம் பாடல்களைப் பாடி, சோறு உண்டு கலைதல் ஆறுதலே என்பதும் உண்மை. ஆறுதல் வேண்டும். ஆனால் அவ்வழிபாட்டில், நெய்பவனுக்காக ஒரு மன்றாட்டும் அவன் வழக்கைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் சேர்தல் கூடாதா? ஆண்டவர் தச்சனின் இல்லத்தில் வளர்ந்தவராயிற்றே. கூலிக் கணக்கு அவர்க்குப் புறம்பான காரியம் என்று யார் நமக்குப் போதித்தார்?

ஆதலின் இம்மலரை நடத்துவோர்க்கு நம் விண்ணப்பம் ஒன்று. அயல்நாட்டிலுள்ள பழைய மாணாக்கர் பலர் ஆண்டுதோறும் தங்கள் உத்தியோக உயர்வையும் திருமணச் செய்தியையும் அனுப்புகின்றனர். அவற்றை அச்சிடுக, மகிழ்ச்சியே. அவற்றோடு, தத்தம் ஊருக்குரிய ஒரு வினாவிற்கு அவர் வாழும் நாட்டிற் கண்ட விடையை நான்கு பக்கத்தில் எழுதுமாறும் கேட்க. தமிழில் எழுதல் வேண்டும்; தறிக்குழியருகே ஒருவர் படிக்க மற்றவர் கேட்கத்தக்க தமிழில். எழுதிப் பழக்கம் விட்டுப்போனதென்று கூசுவார்க்கு, திருத்திப் படியெடுத்துத் தர நம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் அறுவர் இசைந்துள்ளோம். முதல் வினா நம் ஊருடையது: லங்காஷயரின் கூலிப் பட்டியல் எப்படி நின்றது, எப்படி வீழ்ந்தது? மான்செஸ்டரில் இருக்கும் அன்பர் யாரேனும் எழுதுக. அடுத்த மலர் அச்சேறுமுன் எமக்குக் கிடைத்தாற் போதும்.