நம்ம கோயில் காடிக்கு மட் டயர் வேண்டாம்



லோபாக் வட்டார பக்தர்களுக்கும், வாரா வாரம் நம்ம கோயில் காடியில ஏறி வர்ற தோட்டத்துப் பெரியவங்களுக்கும், அவங்க பிள்ளைங்களுக்கும் இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும். தயவு செஞ்சு முழுசா படிங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூட்டத்துல கோயில் ஃபோர்ச்சுனருக்கு டயர் மாத்துற விஷயம் வருது. நாலு டயரும் தேய்ஞ்சு போச்சு. ஒரு அன்பர் தன் சொந்தச் செலவுல நாலு புது மட் டெரெயின் டயர் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு. நல்ல மனசு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. வாட்ஸ்அப்புல தம்பிங்க எல்லாம் கைதட்டியாச்சு. "அண்ணே, இனி எந்தச் சேறும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு எழுதுறாங்க.

நான் ஒருத்தன்தான் வேண்டாம்னு சொல்றேன். ஆல் டெரெயின் டயர்தான் போடணும். "வாங்கித் தர்றவரே வாங்கித் தர்றாரு, உனக்கென்ன நோவுது?"ன்னு ஒரு பெரியவர் கேட்டாரு. என்ன நோவுதுன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். இப்போ தேய்ஞ்சு கிடக்கிற டயரும் மட் டயர்தான். மூணு வருஷத்துக்கு முன்னால அதைத்தான் வாங்கணும்னு கூட்டத்துல சத்தம் போட்டவனும் நான்தான். தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குப் போற செம்மண் ரோட்டுல ஒரு மழை நாள்ல மாட்டிக்கிட்டோம். டிராக்டர் வந்து இழுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. பாட்டிங்க எல்லாம் காடிக்குள்ளயே உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு அவமானமா போச்சு. அந்த ரோஷத்துல வாங்க வெச்ச டயர் அது.

அப்புறம் போன நவம்பர்ல நடந்தது. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொல்லல.

சாயங்கால மழை. பூஜை முடிஞ்சு பெரியவங்க நாலு பேரைத் தோட்டத்துல விட்டுட்டு வரப் போறேன். தார் ரோடு, நல்ல ரோடு. முன்னால சிவப்பு விளக்கு. ஒரு பள்ளிக்கூடப் பையன் மோட்டார் சைக்கிள்ல நிக்கிறான். பிரேக்கை மிதிச்சேன். காடி நிக்கல. வழுக்கிக்கிட்டே போகுது. ஸ்டியரிங் என் கையில இருக்கு, காடி என் கையில இல்ல. அந்தப் பையனோட பின் டயருக்கு ஒரு முழம் முன்னால வந்துதான் நின்னுச்சு. பின் சீட்டுல இருந்த பாட்டிக்கு முன் சீட்டுல நெத்தி இடிச்சு வீங்கிப் போச்சு. "ஒண்ணுமில்லப்பா, ஆத்தா காப்பாத்திட்டா"ன்னு அந்தம்மா என் தோளைத் தட்டுனாங்க.

மறுநாள் கோயில்ல கேட்டப்போ பிரேக் பேட் தேய்ஞ்சிருச்சுன்னு சொன்னேன். அது பொய். ஏன்னா அடுத்த வாரமே போர்மேன்கிட்ட காட்டுனேன். பிரேக் பேட் நல்லா இருந்துச்சு. காத்து சரியா இருந்துச்சு. டயர்ல அப்போ பூ மிச்சம் இருந்துச்சு. மிச்சம் ரெண்டே காரணம்தான். ஒண்ணு என் வேகம். மழையில இன்னும் மெதுவா போயிருக்கணும், அந்தக் குத்தம் என்னோடது. இன்னொண்ணு டயர். அதை வாங்க வெச்சதும் நான்தான்.

நான் செனாவாங்குல ஃபேக்டரி சூப்பர்வைசர். எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். எங்க வேலையிடத்துல ஒருத்தனுக்கு அடி படாம தப்பிச்சாலும் அதை எழுதி வைக்கணும். ஏன் நடந்துச்சு, அதுக்கு ஏன், அதுக்கும் ஏன்னு கேட்டுக்கிட்டே போகணும். கோயில்ல அப்படி ஒரு புத்தகம் இல்ல. அதனாலதான் இங்க எழுதுறேன்.

இப்போ டயர் கதைக்கு வர்றேன்.

மட் டயரைப் பாருங்க. பெரிய பெரிய ரப்பர் கட்டிங்க, நடுவுல அகலமான பள்ளம். சேத்துல உருளும்போது அந்தக் கட்டி சேத்தைக் கடிக்கும், பள்ளத்துல ஏறுன சேத்தைச் சக்கரம் சுத்துற வேகத்துல வெளிய வீசி எறியும். அதனால அடுத்த சுத்துல திரும்பவும் கடிக்க முடியுது. அதுதான் அதோட வேலை. அந்த வேலையில அதை அடிச்சிக்க ஆளில்ல, ஒத்துக்கிறேன். ஆல் டெரெயின்ல பள்ளம் சின்னது. களிமண் சேத்துல அது சீக்கிரம் அடைச்சுக்கும். அடைச்சிட்டா மொட்டை டயர் மாதிரிதான்.

ஆனா தார் ரோட்டுல கதை தலைகீழ். தார் ரோட்டைப் பிடிக்கிறது பள்ளம் இல்ல, ரப்பர். மட் டயர்ல பாதி இடம் பள்ளம்னா, ரோட்டைத் தொடுற ரப்பர் அந்த அளவுக்குக் குறைவு. ஆல் டெரெயின்ல கட்டிங்க நெருக்கமா இருக்கும். ஒவ்வொரு கட்டி மேலயும் கத்தியால கீறுன மாதிரி மெல்லிசு மெல்லிசா கோடு இருக்கும். ஈர ரோட்டுல அந்தக் கோட்டு ஓரங்கதான் பிடிப்பு குடுக்குது. மட் டயர்ல அந்தக் கோடு ரொம்பக் கம்மி.

"பள்ளம் பெருசா இருந்தா தண்ணி நல்லா ஓடிருமே அண்ணே"ன்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தண்ணி ஓடும் தம்பி. தண்ணி ஓடுன பிறகு ரோட்டைப் பிடிக்க ரப்பர் வேணுமில்ல?

புரியலைன்னா இப்படி யோசிங்க. பந்து விளையாடுற ஆணி வெச்ச பூட்ஸை மாட்டிக்கிட்டுப் பாடாங்குல ஓடுனா வழுக்காது. அதே பூட்ஸோட ஈரமா இருக்கிற கோயில் மண்டபத்து டைல்ஸ்ல நடந்து பாருங்க. எங்க ஃபேக்டரியில ஒரு பையன் விளையாடிட்டு அப்படியே உள்ள வந்து மல்லாக்க விழுந்தான். பூட்ஸ் மேல தப்பில்ல. இடம்தான் தப்பு.

அப்போ நம்ம காடி எந்த இடத்துல ஓடுது? மீட்டரைப் பார்த்து எழுதி வெச்சிருக்கேன். லோபாக்குல இருந்து ரந்தாவ் பக்கம் தோட்டத்துக்குப் போய் ஆளுங்களை ஏத்திட்டுத் திரும்பி வர 64 கிலோமீட்டர். அதுல செம்மண் ரோடு போக வர எல்லாம் சேர்த்து 5 கிலோமீட்டர். மிச்சம் 59 தார் ரோடு. நூத்துக்கு 92 பங்கு தார். அன்னதானத்துக்கு மார்க்கெட் போறது, ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களைப் பார்க்கப் போறது, தைப்பூசத்துக்குப் பத்துமலை போறது, இது எல்லாமே தார்தான். அந்த 5 கிலோமீட்டர்லயும் வருஷம் முழுக்கச் சேறு இல்ல. வெயில் காலத்துல தூசிதான் பறக்குது. நல்ல சேறு எப்போன்னா ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். அதே மாசங்கள்லதான் சாயங்கால மழையில தார் ரோடும் வழுக்குது. பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யிற முதல் மழை, ரோட்டுல படிஞ்ச எண்ணெயையும் தூசியையும் கிளப்பிவிட்டுச் சவுக்காரம் மாதிரி ஆக்கிடும்.

சேத்துல மாட்டுனா என்ன ஆகும்? ரெண்டு மணி நேரம் வீணாகும், சட்டை அழுக்காகும், நாலு பேர் சிரிப்பாங்க. தார் ரோட்டுல வழுக்குனா என்ன ஆகும்? அதை நான் எழுத வேண்டியதில்ல. நாம பயப்பட வேண்டியது எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க.

மட் டயர் யாருக்கும் வேண்டாம்னு நான் சொல்லல. 1997-ல இருந்து நம்ம நாட்டுல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி நடந்துச்சு. அடைமழை காலமா பார்த்து வெப்பாங்க, காடி பாதி முங்குற சேறு. அங்க மட் டயர் இல்லாம போனா கதை முடிஞ்சுது. ஜெலுபு பக்கம் மலை மேல டுரியான் தோட்டம் வெச்சிருக்கிறவங்க, தினமும் காட்டுக்குள்ள மரம் ஏத்தப் போறவங்க, அவங்களுக்கு அது தொழில். அவங்க காடியில நம்ம பாட்டிங்க உட்காரல.

இன்னொரு விஷயம் நம்ம தம்பிங்களுக்கு. மட் டயர் போட்டா காடி பார்க்க கெத்தா இருக்கும், உண்மைதான். ஆனா அந்தக் கட்டி டயர் சேத்துல சுத்துனா ரோட்டைத் தோண்டிப் போட்டுரும். நாம வாரத்துக்கு ஒரு நாள் தோண்டிட்டு லோபாக்குக்கு வந்துருவோம். அந்த ரோட்டுல தினமும் விடியக்காலையில மோட்டார் சைக்கிள்ல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போற தகப்பன் யாரு? அங்கயே லயத்துல இருக்கிற நம்ம சனம்தான். போன வருஷம் ஒரு அக்கா என்கிட்ட நேராவே சொன்னாங்க: "சாமி காடி வந்துட்டுப் போனா எங்க ரோடு நாசமாவுது தம்பி." என்னால பதில் சொல்ல முடியல.

செலவும் இருக்கு. டயர் இனாம்தான், டீசல் இனாமில்ல. மட் டயர் கனம், உருளக் கஷ்டம், டீசல் கூட குடிக்கும். தார்ல சீக்கிரம் தேயும், ஒரு பக்கமா தேயும், ஓ ஓன்னு சத்தம் போடும். "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு சொல்வாங்க. உண்டியல்ல விழுற ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருத்தரோட வேர்வை.

டயரைப் பத்தி நமக்கு வேற யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. 1877-ல சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது 22 ரப்பர் கன்று. அதுல 9 கோலகங்சாருக்குப் போச்சு. அப்புறம் மலாயா முழுக்க அது தோட்டமா ஆனப்போ, விடியுறதுக்கு முன்னால எழுந்து பால் சீவுனது நம்ம தாத்தா பாட்டிங்க. அந்தப் பாலுதான் உலகத்துக்கே டயரா போச்சு. இப்போ நம்ம காடியில ஏறுற பாட்டியும் சீவுன கைதான். அவங்களை ஏத்திட்டு வர்ற காடிக்கு டயர் வாங்கும்போது அழகா பார்க்கிறது?

அப்போ சேத்துக்கு என்ன பண்றது? நாலு யோசனை சொல்றேன்.

ஒண்ணு: செம்மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்துல காத்தை 20 அளவுக்கு இறக்குங்க. டயர் பரவி உட்காரும், பிடிப்பு கூடும். மெதுவா போகணும். திரும்பி வந்து தார் ஏறுறதுக்கு முன்னால கதவோரத்து ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற அளவுக்குத் திரும்பவும் காத்து அடிக்கணும். இதுக்கு ஒரு சின்ன காத்து மிஷின் வாங்குனா போதும்.

ரெண்டு: இழுக்கிற கயிறு, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில போடுற பலகை ரெண்டு, எப்பவும் காடியில இருக்கட்டும்.

மூணு: புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுல இருக்கிற எழுத்தைப் பாருங்க. நம்ம காடி அளவு 265/65 ஆர் 17. அதுக்குப் பக்கத்துல 112ன்னு இருந்தா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும்னு அர்த்தம். காடி புத்தகத்துல இருக்கிற எண்ணுக்குக் கீழ போகக் கூடாது. கடைசியா நாலு இலக்கம் இருக்கும். 3524ன்னு இருந்தா 2024-ல 35-ஆவது வாரம் செஞ்சது. பழைய சரக்கை மலிவா தள்ளுனா வாங்காதீங்க. பூ 1.6 மில்லிமீட்டருக்கு வந்துட்டா சட்டப்படி முடிஞ்சுது. மழைக்கு அதுக்கு முன்னாலயே மாத்துறதுதான் புத்தி.

நாலு: ரொம்ப மழையா இருந்தா அன்னைக்குப் போகாதீங்க.

இந்த நாலாவதுதான் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் கஷ்டமாதான் இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கே புடவை மாத்தி, பூ வெச்சிக்கிட்டு, லயத்துப் படியில உட்கார்ந்து நம்ம காடிக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. அந்த ஒரு நாள் ஏமாத்தம் நிஜமான ஏமாத்தம். முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லணும், மறுநாள் ரோடு காய்ஞ்சதும் பிரசாதம் கொண்டு போய்க் குடுக்கணும். ஒரு வாரம் வரலைன்னா அம்மன் கோவிச்சுக்க மாட்டா. கூட்டிட்டு வர்ற வழியில ஏதாவது ஆச்சுன்னா அந்தம்மாவோட பிள்ளைங்க முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

"சாமி பார்த்துக்கும்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. புது டயர் போட்டதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்குவோம், சூடம் காட்டுவோம். நானே முன்னால நிப்பேன். ஆனா எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்காது. ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்லிவெச்ச சனம் நாம. அன்னைக்கு ஆத்தா காப்பாத்துனது நிஜம். அது எனக்குக் குடுத்த எச்சரிக்கை. அடுத்த தடவையும் அவதான் பிரேக் போடணும்னு எதிர்பார்க்கிறது பக்தி இல்ல, சோம்பேறித்தனம்.

டயர் தர்றேன்னு சொன்ன ஐயாவுக்கு என் பணிவான வேண்டுகோள். உங்க காசை வேண்டாம்னு சொல்லல. அதே காசுக்கு ஆல் டெரெயின் வாங்கிக் குடுங்க, மிச்சம் இருந்தா காத்து மிஷினும் கயிறும் வாங்கிக் குடுங்க. உங்க பேரை அர்ச்சனையில நானே சொல்ல வைக்கிறேன். கோவம் இருந்தா என் மேல படுங்க, கோயில் மேல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதையே எழுந்து நின்னு சொல்லப் போறேன். பிரேக் பேட் பொய்யையும் சேர்த்துதான். அந்தப் பாட்டிகிட்ட நேத்தே போய்ச் சொல்லிட்டேன். கேட்டுட்டு சிரிச்சாங்க. "சரிப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர்றே?"ன்னு கேட்டாங்க.

அதுக்குள்ள டயரை மாத்திரணும்.

இப்படிக்கு,
உங்கள் கோயில் தொண்டன், லோபாக்