ரெண்டு டிஸ்க் போட்டா ரெண்டு மடங்கு வேகமா?

கம்ப்யூட்டர் கடைப் பக்கம் போனா இந்த வசனம் காதுல விழாம இருக்காது. "ரெண்டு டிஸ்க் போட்டு மிரர் பண்ணிடுங்க சார். ஒண்ணு போனாலும் கவலையில்ல, படிக்கிற வேகமும் டபுள்." முதல் பாதி சரி. ரெண்டாவது பாதியைத்தான் கொஞ்சம் நோண்டிப் பார்க்கணும்.

1988ல பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும் எழுதின கட்டுரையாலதான் ரெய்டுங்கிற பேரே பரவுச்சு. மலிவான சின்ன டிஸ்க்குகளைக் கூட்டுச் சேர்த்து பெரிய டிஸ்க்கோட வேலையை வாங்குறதுதான் ஐடியா. இதுக்குத் தனி கார்டுகூட வேண்டியதில்லை. லினக்ஸ்ல எம்டி டிரைவர் மென்பொருளாவே செஞ்சிடுது.

சரி, மேட்டருக்கு வருவோம். சுத்துற ஹார்டு டிஸ்க் ரெண்டை எம்டியில ரெய்டு-1 ஆக்கி, ஒரே ஒரு பெரிய ஃபைலைப் படிச்சுப் பாருங்க. ஒத்தை டிஸ்க்கோட வேகம்தான் வரும். ஏன்னா வரிசையாப் படிக்கிற வேலையை எம்டி ஒரே டிஸ்க்கிட்ட விட்டுடும். 'மாத்தி மாத்திப் படிக்கலாமே?'ன்னு நீங்க கேட்பீங்க. ரெண்டு டிஸ்க்லயும் முழு ஃபைலும் வரிசையா கிடக்கு. விட்ட துண்டும் ஹெட்டுக்கு அடியில சுத்திட்டுத்தான் போகணும். பந்தியில ஒரு இலை விட்டு ஒரு இலைக்குப் பரிமாறினாலும் பந்தி முழுக்க நடந்துதானே ஆகணும்? அதே கதை.

ஆனா நாலு பேர் ஒரே நேரத்துல வேற வேற ஃபைல் கேட்டா நிலைமை தலைகீழ். 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்ட். சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும். ஹெட் நகர்ற நேரத்தையும் சேர்த்தா, செகண்டுக்கு நூறு தாவலைத் தொடுறதே கஷ்டம். அங்க ரெண்டு டிஸ்க் இருந்தா நிஜமாவே ரெண்டு பேரைக் கவனிக்கும். டபுள்ங்கிற பேச்சு உண்மையாகிற இடம் இதுதான்.

ஒத்தை ஃபைலும் வேகமா வேணுமா? எம்டியில ரெய்டு-10, 'ஃபார்' அமைப்புன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டே டிஸ்க் போதும். தரவைத் துண்டு துண்டா ரெண்டோட முன்பாதியிலும் பரப்பிட்டு, நகலை டிஸ்க் மாத்திப் பின்பாதியில வைக்கும். படிக்கிறது ரெய்டு-0 மாதிரி பறக்கும். எழுதும்போது ஹெட் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடணும், அதுதான் விலை.

அடுத்த வசனம்: "பாரிட்டி கணக்குல ப்ராசஸர் திணறும், ரெய்டு கார்டு வாங்குங்க." எழுதுறதுக்கு பேட்டரி வச்ச கேஷ் உள்ள கார்டு உதவும், மறுக்கல. ஆனா ரெய்டு-5 நல்லா இருக்கிறப்போ, படிக்கிறதுக்கு பாரிட்டி கணக்கே கிடையாது. போடாத கணக்குக்கு எதுக்குங்க கார்டு?

அந்தக் கணக்கு வர்ற நாள் ஒண்ணு இருக்கு. நாலு டிஸ்க் ரெய்டு-5ல ஒண்ணு செத்துட்டா, அதுல இருந்த ஒவ்வொரு துண்டுக்கும் மீதி மூணையும் படிச்சு கணக்குப் போட்டுத்தான் தரணும். புது டிஸ்க் மாட்டினா ரீபில்டும் கூடவே ஓடும். கல்யாண ஆல்பம் போடுற ஸ்டூடியோக்காரருக்கு முகூர்த்த சீசன்ல இது நடந்தா, டெலிவரி தேதி அவ்வளவுதான். மிரர்ல இந்தத் தலைவலி குறைவு. உயிரோட இருக்கிற டிஸ்க் அப்படியே எடுத்துக் கொடுத்துடும்.

அதனால என் கட்சி இதுதான்: எல்லாம் நல்லா இருக்கிற நாளோட வேகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. தரவு ஏத்துறதுக்கு முன்னாடியே ஒரு டிஸ்க்கைக் கழட்டிட்டு, நாலு பேரைச் சேர்ந்து படிக்க வச்சு அளந்து பாருங்க. அதே ஃபைலையே ரெண்டாவது தடவை படிச்சு அளக்காதீங்க, அப்ப பேசுறது டிஸ்க் இல்ல, மெமரி. சின்ன ஆபீஸுக்கு எம்டி மிரரோ ரெய்டு-10ஓ தாராளம். கார்டு காசுல இன்னொரு டிஸ்க் வாங்கி பேக்கப் எடுத்து வீட்டுல வைங்க. தப்பா அழிச்ச ஃபைலை மிரர் ரெண்டு பக்கமும் சேர்த்தே அழிக்கும்!

நீங்க அளந்து பார்த்தா என்ன நம்பர் வந்ததுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: எஸ்எஸ்டியில ஹெட்டே இல்ல, அதனால தாவல் கணக்கு அங்க செல்லாது. பேக்கப் எடுக்கணும்ங்கிறது மட்டும் அங்கயும் செல்லும் :-)