அறளை என்று ஒதுக்கலாமா?

விடியற்காலையில் முற்றம் கூட்டும் விளக்குமாற்றின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் எமது மூத்தோர். ஆக்கிப் படைத்தவரை வீடு புகழும். கூட்டித் துடைத்தவரை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், கூட்டுவார் இல்லாத வீடு எத்தனை நாளைக்கு வீடாக இருக்கும்? 2025ஆம் ஆண்டு பங்குனி மாதம் பேர்மிங்காம் நகரில் குப்பை அகற்றும் தொழிலாளர் முழு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சில வாரங்களுக்குள் ஏறத்தாழ 17,000 தொன் குப்பை தெருக்களில் குவிந்ததை இந்நாட்டில் வாழும் நாம் தொலைக்காட்சியிற் கண்டோம். கடைகளில் உணவுக்குக் குறைவில்லை. நீரும் மின்சாரமும் தடையின்றி வந்தன. அகற்றும் பணி ஒன்று மட்டுமே நின்றது. அதனாலேயே ஒரு பெருநகர் அல்லற்பட்டது.

மனித மூளையிலும் இத்தகைய நிலை ஏற்படுவதுண்டு. அந்நிலைக்கு எம்மவர் வழங்கும் பெயர்தான் எம்மை வருத்துகின்றது. முதியவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், பேரப்பிள்ளையின் பெயரை மறந்தாலும், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகின்றோம். சிலர் அதனை வெளியிற் சொல்லாமலே மறைக்கின்றனர். அது பரம்பரை வருத்தம் என்று பேசப்பட்டால் பிள்ளைகளின் திருமணப் பேச்சுக்குத் தடையாகுமோ என்பது அவர்தம் அச்சம். இந்தச் சிரிப்பும் இந்த மறைப்பும் அறியாமையின் இரு முகங்களே என்பது எமது துணிபு. அதனை விளங்கிக்கொள்ள விஞ்ஞானம் கூறுவதைச் சற்றே நோக்குவோம்.

எமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் ஓயாது புரதங்களை ஆக்குகின்றது. அவற்றுட் சில பழுதடைகின்றன. சில சரியாக மடியாமல் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தோலின் கலமோ குடலின் கலமோ ஆயின், அது விரைவில் உதிர்ந்துபோகப் புதியது அதன் இடத்தைப் பெறும். மூளையின் நரம்புக் கலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுட் பெரும்பாலானவை நாம் பிறந்தபோது எம்முடன் வந்தவை. எண்பது வயதிலும் அவையே பணிபுரிய வேண்டும். பழையதைக் கழித்துவிட்டுப் புதுவீடு புக முடியாதவர், இருக்கும் வீட்டைத்தான் நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும் அன்றோ?

அத்துப்புரவுக்குக் கலத்தினுள்ளே இரண்டு ஒழுங்குகள் உள்ளன. ஒன்று, கழிக்கவேண்டிய புரதத்தின்மீது யுபிக்குயிற்றின் என்னும் சிறு புரதத்தை அடையாளமாக ஒட்டி, அதனைத் துண்டு துண்டாக வெட்டும் ஏற்பாடு. இதனை விளக்கிய மூவருக்கு 2004ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. மற்றையது, பெரிய குவியல்களையும் பழுதடைந்த உறுப்புக்களையும் ஒரு மென்சவ்வுப் பையினாற் சுற்றிக் கட்டி, இலைசோசோம் எனப்படும் நொதியப் பைக்குள் இட்டுக் கரைக்கும் ஏற்பாடு. கரைந்து வருவது வீணாவதில்லை. புதிய புரதங்களுக்கு அது மூலப்பொருளாகின்றது. கலம் தன் பகுதிகளைத் தானே உண்பதால் இதனைத் தன்தின்னல் என்கின்றனர்.

இலைசோசோமைக் கண்டறிந்து, 1963இல் தன்தின்னலுக்கும் பெயரிட்டவர் பெல்ஜியம் நாட்டவரான கிறிஸ்ரியன் டி டூவ். முதலாம் உலகப் போருக்கு அஞ்சி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பெற்றோருக்கு, 1917இல் சரே மாவட்டத்தின் தேம்ஸ் டிற்றன் என்னும் ஊரிற் பிறந்த குழந்தை அவர். 1974இல் நோபல் பரிசு பெற்றார். அகதிப் பெற்றோரின் பிள்ளை அடையக்கூடிய உயரத்துக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு. இப்பணியை இயக்கும் பரம்பரை அலகுகளை, அப்பத்தைப் புளிக்கவைக்கும் மதுவத்திலே தேடிக் கண்டவர் யப்பானின் யோஷினோரி ஓசுமி. அவர் 2016இல் அப்பரிசைப் பெற்றார்.

துப்புரவு நின்றால் மூளைக்கு என்ன நேரும்? 2006இல் யப்பானிய ஆய்வாளர் இரு குழுவினர், சுண்டெலிகளின் நரம்புக் கலங்களில் தன்தின்னலை மட்டும் நிறுத்திப் பார்த்தனர். வேறெந்த நஞ்சும் ஊட்டப்படவில்லை. எனினும் அக்கலங்களுக்குள் புரதக் குவியல்கள் சேர்ந்தன. எலிகள் நடை தளர்ந்தன. நரம்புக் கலங்கள் மடிந்தன.

மனிதரில் காணப்படுவதும் இதனை ஒத்ததே. 1906இல் ஜேர்மானிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், தாம் முன்னர் பராமரித்த ஒரு பெண்மணியின் மூளையை அவர் இறந்தபின் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே நார்ச்சிக்கல்களையும் கண்டார். வெளியே படிவது அமிலோயிட் என்றும், உள்ளே சிக்குவது ரௌ என்றும் பெயர்கொண்ட புரதங்கள் என இன்று அறிகின்றோம். அப்பெண்மணி வைத்தியசாலைக்கு வந்தபோது அவருக்கு வயது 51 மட்டுமே என்பதையும், "முதுமை வந்தால் மறதி வரத்தானே செய்யும்" என்போர் கருத்திற் கொள்ள வேண்டும். பார்க்கின்சன் நோயிலே திரள்வது இன்னொரு புரதம். இலைசோசோமின் நொதியம் ஒன்றுக்கான பரம்பரை அலகில் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பது, துப்புரவுக் குறைபாட்டுக்கும் மூளை நோய்க்கும் உள்ள தொடர்பை வலுவாக உணர்த்துகின்றது.

குப்பை சேர்வதுதான் நோயின் முதற்காரணமா, அன்றி வேறொரு சீர்கேட்டின் விளைவா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் வாதம் உண்டு. அமிலோயிட்டை அகற்றும் லெக்கனெமாப் என்னும் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா முழு அனுமதி வழங்கியது. அது நோயின் வேகத்தைச் சிறிதளவு தணித்ததேயன்றி நோயை நீக்கவில்லை. மூளையில் வீக்கமும் குருதிக் கசிவும் ஏற்படும் ஆபத்தும் அதற்கு உண்டு. வெளியே கிடக்கும் குப்பையை அள்ளுவது போதாது, நின்றுபோன துப்புரவுப் பணியையே மீண்டும் இயங்கச் செய்தல் வேண்டும் என்று பலர் கருதுவது இதனாலேதான்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறங்கும் சுண்டெலியின் மூளையிற் கலங்களுக்கு இடைப்பட்ட வெளி அகன்று, அதனூடாக ஓடும் நீர்மம் கழிவை அலசிச் செல்கின்றது என 2013இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. 2024இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் அதற்கு மாறான முடிவைக் கண்டனர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், பிரித்தானிய அரச ஊழியர் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான ஆய்வில், ஐம்பது அறுபது வயதுகளில் ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவரிடையே பின்னாளில் இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிச் செய்து, உறங்காமையைப் பெருமையாகப் பேசும் எம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

இவற்றிலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு யாது? சிறுநீரகம் குருதியிலுள்ள கழிவை அகற்றத் தவறினால் அதனை நோய் என்கின்றோம், வைத்தியரிடம் விரைகின்றோம், உறவினரிடம் கூச்சமின்றிச் சொல்கின்றோம். மூளையின் கலம் தன் கழிவை அகற்றத் தவறுவதும் அதுபோன்ற உடல் நோயே. அது முற்பிறப்பின் வினையுமன்று, குடும்பத்துக்கு இழுக்குமன்று. ஆகவே, மறதி மிகுந்த முதியவரைக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைரொயிட் சுரப்பியின் குறைபாடு, விற்றமின் பி 12 குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவற்றால் வரும் மறதியைச் சீர்செய்ய வழியுண்டு. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், கேட்டற் குறைபாடு முதலிய 14 காரணிகளைக் கவனித்தால், உலகில் இந்நோயுறுவோருள் ஏறத்தாழ 45 வீதமானோரில் அதனைத் தடுக்கவோ பிற்போடவோ இயலும் என லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது. நீரிழிவு மலிந்த எம் சமூகத்துக்கு இது வெறும் புள்ளிவிபரம் அன்று.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று கூறவேண்டும். இந்நோயுற்றோர் பலருக்குப் பின்னாளிற் கற்ற மொழி முதலில் நழுவுகின்றது. தாய்மொழி நெடுநாள் தங்குகின்றது. முப்பது ஆண்டுகளாக இந்நாட்டில் ஆங்கிலம் பேசிப் பணியாற்றிய அம்மம்மா, ஒருநாள் தமிழில் மட்டுமே தண்ணீர் கேட்கலாம். அப்போது வைத்தியசாலைத் தாதிக்கு அது விளங்காது; உங்களுக்கு விளங்கும். சனிக்கிழமைக் காலையில் உறக்கம் கலைந்து வந்து நீங்கள் கற்கும் இம்மொழி, பரீட்சைக்கும் மேடைக்கும் மட்டும் உரியதன்று. பெயரையும் ஊரையும் மறந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் செல்வதற்கு எஞ்சியிருக்கும் ஒரே பாதையாகவும் அது அமையக்கூடும்.

ஆதலால், இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் தாத்தா பாட்டியின் அருகில் அமருங்கள். நேற்றுச் சொன்ன கதையையே அவர்கள் மீண்டும் சொன்னால், புதிதாகக் கேட்பதுபோற் கேளுங்கள். 'அறளை' என்ற சொல்லை எம் வீடுகளிலிருந்து கூட்டி வெளியே தள்ளுவோம். நாம் செய்யக்கூடிய முதலாவது துப்புரவுப் பணி அதுவே.